இழுக்கும் இழைப்புளி



பதிவு கொஞ்சம் நீளம். மூன்று வாரமாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். இன்று எப்படியும் போட்டுவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். ஜப்பானில் ஒரு கண்காட்சி பார்த்த அனுபவம்தான். கூடவே, பணியில் இருந்தபோது நான் செய்த ஒரு தவறும் இதில் வருகிறது. ஆசிரியர் நட்புகள் கடைசிவரை படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சின்ன மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். "அம்மா, ஒரு தடவை வந்து பாருங்க" என்று நாலு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்த மார்ச்சில்தான் போக வாய்த்தது. இறங்கிய அன்றே ஒன்றைக் கவனித்தேன். பாதி ஊர் முகக்கவசத்தோடு இருக்கிறது. மகன் விடாமல் தும்முகிறான். கொரோனா திரும்பிவிட்டதோ என்று பயந்துபோனேன். "இல்லம்மா, மகரந்தம். சுகி மரம் பூக்கிற காலம்" என்றான். ஊசியிலை மரம், ஆங்கிலத்தில் ஜப்பானிய சீடர் என்பார்கள். இந்தத் தும்மலுக்கும் நான் பார்த்த கண்காட்சிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

கோயில், கோட்டை, பூங்கா என்று சுற்றியபின் ஒரு சனிக்கிழமை, "கோபேயில் தச்சுக் கருவிகளுக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு, போலாமா?" என்று கேட்டான். எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. உளியையும் ரம்பத்தையும் பார்க்க விமானம் ஏறி வரவேண்டுமா என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, போனேன்.

ஷின்-கோபே ரயில் நிலையத்திலிருந்து மூன்று நிமிட நடை. தகேனாகா தச்சுக் கருவி அருங்காட்சியகம் என்று பெயர். தகேனாகா என்பது ஜப்பானின் பெரிய கட்டுமான நிறுவனங்களில் ஒன்று. 1610இல் கோயில் கட்டும் தச்சராகத் தொழிலைத் தொடங்கிய ஒரு குடும்பம், இன்று வானளாவிய கட்டடங்கள் கட்டுகிறது. வந்த வழியை மறக்காமல் 1984இல் இந்த அருங்காட்சியகத்தைத் திறந்திருக்கிறார்கள். 2014இல் இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தோட்டத்துக்கு நடுவே ஓடு வேய்ந்த ஒரே ஒரு தளம்தான் தெரிகிறது. மீதியெல்லாம் பூமிக்குக் கீழே இருக்கிறது.

படியிறங்கியதும் எதிரே, நாரா நகரத்துத் தோஷோதாய்ஜி என்னும் கோயிலின் தூணும் அதன் தலையில் கூரையைத் தாங்கும் மரக் கட்டமைப்பும், அசல் அளவில், மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. கட்டைமேல் கட்டை, அதன்மேல் கை நீட்டியதுபோல் இன்னொரு கட்டை. அத்தனை பாரத்தையும் படிப்படியாகத் தூணுக்குள் இறக்குகிறது. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன்.

அடுத்து கருவிகள். இங்கே சேகரித்து வைத்திருப்பது 30,000க்கும் மேல். பார்வைக்கு வைத்திருப்பது அதில் ஒரு சிறு பங்கு. ஒரு சுவர் முழுக்க ஒரே ஒரு தச்சருக்கு வேண்டிய கருவிகளை வரிசையாக மாட்டியிருந்தார்கள். 1943இல் தோக்கியோவில் ஒரு கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. நல்ல வேலை செய்யும் ஒரு தச்சரிடம் எத்தனை கருவிகள் இருக்கவேண்டும் என்று பட்டியல் எடுத்தார்கள். 179. அதில் உளி மட்டும் 49, இழைப்புளி 40. நான் 36 வருடம் பிழைத்தது ஒரு சாக்கட்டியையும் ஒரு டஸ்டரையும் வைத்து. (பிரம்பையும் சேர்த்துக்கொள்ளலாம், மறைப்பானேன்.)

ஒவ்வொரு உளிக்கும் தனி விளக்கு. நகைக்கடையில் நெக்லஸ் வைப்பதுபோல் வைத்திருந்தார்கள். மகன் ஓர் இழைப்புளியின் முன்னால் நின்று விளக்கப் பலகையைப் படித்துச் சொன்னான்: "அம்மா, இவங்க நம்ம ஊர் மாதிரி தள்ளி இழைக்க மாட்டாங்களாம். தன்னைப் பார்த்து இழுப்பாங்களாம். ரம்பமும் அப்படித்தான், இழுக்கும்போதுதான் அறுக்கும்."

யோசித்தால் காரணம் எளிதுதான். ஒரு தாளை விளிம்பில் பிடித்துத் தள்ளினால் மடியும், இழுத்தால் விறைப்பாக வரும். அதனால் இழுத்து அறுக்கிற ரம்பத்தின் தகடு மெல்லியதாக இருந்தால் போதும். தகடு மெலிந்தால் வெட்டும் மெலியும், மரமும் வீணாகாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தாளை வைத்துக் காட்டிவிடலாம்.

"தள்ளி இழைக்க" என்று மகன் சொன்ன அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது.

1998. தென்காசிப் பக்கம் ஓர் ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு. கணக்குப் பாடம். சரிவகத்தின் பரப்பளவு. ஒரு பையனை எழுப்பிக் கரும்பலகையில் போடச் சொன்னேன். போட வரவில்லை. அரையாண்டில் 11 மதிப்பெண் வாங்கியவன். எனக்கு அன்று என்ன எரிச்சலோ, வகுப்பே கேட்கும்படி சொன்னேன்: "உனக்கெல்லாம் எதுக்குலே கணக்கு? போயி உங்கப்பாகூட இழைப்புளி தள்ளு. அதுக்குத்தான் நீ லாயக்கு."

வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் இன்றும் கண்ணில் நிற்கிறது. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை.

அவன் பெயர் இங்கே வேண்டாம். சொல்லப்போனால் பள்ளியில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "ஆசாரி மகன்" என்றுதான் எல்லோரும் சொல்வோம். வருகைப் பதிவேடு வாசிக்கும் நேரம் தவிர, நானும் அப்படித்தான். அது தொழிலைச் சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாதியைச் சொல்லித்தான் ஒரு குழந்தையைக் கூப்பிட்டிருக்கிறேன் என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

கண்ணாடிக்குள் இருந்த இழைப்புளியைப் பார்த்தபடி நின்றேன். மகன் "என்னம்மா?" என்றான். "ஒண்ணுமில்ல, கால் வலி" என்றேன்.

இன்னொரு அறையில் மர இணைப்புகளைக் கையால் தொட்டுப் பிரித்துச் சேர்த்துப் பார்க்க வைத்திருந்தார்கள். இரண்டு கட்டைகளை ஆணியில்லாமல், ஒன்றில் துளையும் மற்றதில் கழுந்துமாகச் செதுக்கிச் சேர்ப்பது. நம் தச்சர்களும் நிலை, கதவில் செய்வதுதான். ஆனால் இங்கே இருந்தவை விடுகதை மாதிரி. ஒன்றைக் குறுக்காகச் சாய்த்தால்தான் கழலும். இன்னொன்றில் நடுவே ஒரு சிறு ஆப்பு. அதை உருவினால்தான் மற்றவை அசையும். நான் பத்து நிமிடம் முட்டிப் பார்த்தும் ஒன்றைத் திரும்பச் சேர்க்க முடியவில்லை. பக்கத்தில் எட்டு வயது இருக்கும் ஒரு ஜப்பானியப் பெண் குழந்தை, என்னைப் பார்த்து ஒரு குட்டி வணக்கம் போட்டுவிட்டு, இரண்டே திருப்பில் சேர்த்துவிட்டுப் போனாள்.

அப்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. எங்கள் வகுப்பு மேசை வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்தது. அதே பையன் ஒருநாள் மதிய இடைவேளையில் அதைக் கவிழ்த்துப் போட்டு, கால் சேரும் துளையில் ஒரு ஆப்பு சீவி அடித்துச் சரி செய்தான். ஆணி அடிக்கவில்லை. "ஆணி அடிச்சா மரம் பிளந்துரும் டீச்சர்" என்றான். நான் "சபாஷ்" என்றேன். அந்த சபாஷை அவன் மதிப்பெண்ணோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஆப்பின் சரிவும் கரும்பலகையில் நான் வரைந்த சரிவகமும் ஒன்றுதான். அவனுக்கு அது கையில் தெரிந்திருந்தது. அதைத் தாளுக்குக் கொண்டுவருவது என் வேலை. அதற்குத்தான் அரசு எனக்குச் சம்பளம் கொடுத்தது.

அங்கே ஒரு பெயரைக் கேள்விப்பட்டேன். நிஷியோகா சுனேகாசு (1908–1995). கோயில் தச்சர். வீட்டுக்கு வந்ததும் மகனைத் தொந்தரவு செய்து, கிடைத்ததையெல்லாம் மொழிபெயர்த்துப் படிக்கச் சொன்னேன். கதைபோல இருக்கிறது அவர் வாழ்க்கை.

நாராவுக்கு அருகே ஹோர்யூஜி என்னும் பௌத்தக் கோயில். உலகில் இன்றும் நிற்கிற மரக் கட்டடங்களிலேயே மிகப் பழையது அங்கேதான் இருக்கிறது. சுமார் 1300 ஆண்டுகள். ஹினோகி என்னும் மரத்தால் ஆனது. அந்தக் கோயிலைப் பராமரிக்கும் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர் நிஷியோகா. அவருக்குக் குரு அவருடைய தாத்தா. பேரனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று பேச்சு வந்தபோது, அப்பா தொழிற்பள்ளி என்றார். தாத்தாவோ விவசாயப் பள்ளியில் சேர்க்கச் சொன்னார். மண்ணைத் தெரியாதவனுக்கு மரம் தெரியாது, மரம் தெரியாதவன் தச்சனாக முடியாது என்பது அவர் கணக்கு.

படித்து முடித்து வந்த பேரனிடம் வயலைக் கொடுத்துப் பயிர் வைக்கச் சொன்னார். பேரன் பாடத்தில் படித்தபடி எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். அறுவடையில் பார்த்தால், பள்ளிக்கே போகாத பக்கத்து வயல்காரர்களைவிட நெல் குறைவு. தாத்தா கோபிக்கவில்லை. நீ புத்தகத்தோடுதான் பேசிக்கொண்டிருந்தாய், நெல்லோடு பேசவே இல்லை என்ற பொருளில் சொன்னாராம். இதைப் படித்தபோது, பாடக்குறிப்பேட்டைப் பார்த்துப் பார்த்துப் பாடம் நடத்திய என் ஆரம்ப கால வகுப்புகள் நினைவுக்கு வந்தன. பாடம் முடியும், மணியும் அடிக்கும். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தேனா என்றால் நினைவில்லை.

1934இல் ஹோர்யூஜியில் பெரும் திருப்பணி தொடங்கியது. கட்டடங்களைப் பிரித்து, பழுதானதை மாற்றி, மறுபடி சேர்க்கிற வேலை. பழைய தூண்களின் மேல் இருந்த வெட்டுத் தடங்களை நிஷியோகா உற்றுப் பார்த்தார். அவை நாம் அறிந்த கட்டை இழைப்புளி போட்ட தடங்கள் அல்ல. அந்த இழைப்புளி ஜப்பானுக்குப் புழக்கத்துக்கு வந்ததே பல நூற்றாண்டுகளுக்குப் பிறகுதான். அதற்கு முன் யாரிகன்னா என்று ஒன்று இருந்தது. ஈட்டி முனைபோன்ற அலகு, நீண்ட பிடி. கட்டை இழைப்புளி வந்ததும் அது மறைந்தேபோனது. தடத்தைப் பார்த்து, மிஞ்சியிருந்த பழைய மாதிரிகளைப் பார்த்து, வாள் அடிக்கும் கொல்லரிடம் சொல்லிச் செய்யவைத்து, தானே பழகி, அந்தக் கருவியைத் திரும்பக் கொண்டுவந்தார்.

அவர் குடும்பத்தில் வாய்வழியாக வந்த விதிகள் சில உண்டு. மரத்தைத் தனித்தனியாக வாங்காதே, மலையாக வாங்கு என்பது ஒன்று. ஒரே மலையின் மரங்களைக் கொண்டு ஒரு கோயிலைக் கட்டவேண்டும். மலையின் தென்சரிவில் வளர்ந்த மரம் கட்டடத்தின் தென்பக்கத்துக்கு, வடசரிவு மரம் வடபக்கத்துக்கு. மரம் எந்தத் திசையில் வெயிலைப் பார்த்து நின்றதோ, தூணாகியும் அதே திசையைப் பார்த்து நிற்கட்டும் என்பதுதான்.

இன்னொரு விதி என்னை உட்காரவைத்துவிட்டது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு முறுக்கு உண்டு. காற்றடிக்கும் சரிவில் நின்ற மரம் அதை எதிர்த்து எதிர்த்து ஒரு பக்கமாக முறுக்கேறும். அளவு பார்த்து மட்டும் மரத்தைச் சேர்க்காதே, அதன் குணம் பார்த்துச் சேர் என்கிறது விதி. இடப்பக்கம் முறுக்கின மரத்தையும் வலப்பக்கம் முறுக்கின மரத்தையும் எதிரெதிராகச் சேர்த்தால், ஒன்றின் முறுக்கு மற்றதைப் பிடித்துக்கொள்ளும். முறுக்கு இருக்கிறது என்று தள்ளிவிடக்கூடாது. வலுவே அதில்தான் இருக்கிறது. 1300 ஆண்டு நின்ற கட்டடத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவர் இதைச் சொல்கிறார்.

நிஷியோகாவின் இரண்டு மகன்களும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. கோயில் தச்சர் சாதாரண வீடு கட்டுவதில்லை என்பது அவர்கள் மரபு. கோயில் வேலை இல்லாத காலத்தில் வயலை உழுதும், பிறகு அந்த நிலத்தையே விற்றும் சாப்பிட்டிருக்கிறார். பிள்ளைகள் வராததில் வியப்பில்லை. வந்தது வேறொருவர். ஓகாவா மிட்சுவோ. பள்ளிச் சுற்றுலாவில் ஹோர்யூஜியைப் பார்த்து மயங்கிய பையன். பள்ளி முடிந்ததும் நேரே வந்து நின்றார். வேலை இல்லை, போய்வா என்று நிஷியோகா அனுப்பிவிட்டார். பையன் விடவில்லை. வேறு இடங்களில் தொழில் பழகிவிட்டு, 1969இல் சீடராகச் சேர்ந்தார்.

முதல் ஓராண்டுக்குத் தொலைக்காட்சி, வானொலி, செய்தித்தாள் எதுவும் கிடையாது. உளி தீட்டுவது மட்டும்தான் வேலை. விளக்கம் கிடையாது, பாடம் கிடையாது. ஒருநாள் குரு இழைப்புளியை எடுத்து ஒரு கட்டையின் மேல் ஒரே இழுப்பு இழுத்தார். சல்லாத் துணிபோல ஒரு மரச்சுருள் வந்தது. அதைக் கையில் கொடுத்து, இப்படி வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓகாவா அதைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு, அப்படி வரும்வரை தீட்டினார், இழைத்தார், மறுபடி தீட்டினார். பின்னாளில் அவரும் தச்சுக்கூடம் தொடங்கிச் சீடர்களை வளர்த்தார்.

ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் படித்ததற்கெல்லாம் இது நேர் எதிர். எளிமையிலிருந்து அருமைக்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, ஊக்குவிப்பு, மீள்பார்வை என்று எழுதி எழுதித் தேர்வு எழுதியவள் நான். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நிஷியோகா முறை நடக்காது. ஒவ்வொரு குழந்தைக்கும் அது பொருந்தும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மனிதர் சீடனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்றாலும், "நீ இதற்கு லாயக்கில்லை" என்று சொன்னதாக எங்கும் இல்லை. நான் நிறையப் பேசினேன். அதையும் சேர்த்துப் பேசினேன்.

இனி அந்தத் தும்மல் கதைக்கு வருகிறேன். தச்சர் இருந்தால் போதுமா, மரம் வேண்டாமா?

நாராவின் தெற்கே யோஷினோ மலை. சுமார் 500 ஆண்டுகளாக அங்கே மரத்தைப் பயிர்போல நட்டு வளர்க்கிறார்கள். வேறு இடங்களில் ஒரு ஹெக்டேருக்கு 3,000 கன்று நட்டால், யோஷினோவில் 10,000 வரை நெருக்கி நடுவது பழைய முறை. நெருக்கத்தில் மரம் பக்கக் கிளை விடாமல், தடித்துப்போகாமல், வெளிச்சம் தேடி நேராக மேலே போகும். ஆண்டு வளையங்கள் நெருக்கமாக விழும், கணு இருக்காது. பிறகு பத்து இருபது ஆண்டுக்கொரு முறை இடையிடையே வெட்டிக் கலைத்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் நிற்பவை நூறு ஆண்டும் அதற்கு மேலும் வளரும். (குழந்தைகளையும் இப்படி நெருக்கி உட்காரவைத்தால் நேராக வளரும் என்று யாரும் கிளம்பிவிடவேண்டாம். அதைத்தான் நம் பள்ளிகளில் செய்துகொண்டிருக்கிறோம்.)

எனக்குப் பிடித்தது, இடையில் வெட்டிய மரத்தை அவர்கள் என்ன செய்தார்கள் என்பது. இளசு கம்பமாகவும் கூரைக்கழியாகவும் போகும். வளர்ந்தது அரிசி மதுப் பீப்பாய்க்குப் பலகையாகும். வளையம் நெருக்கமாக இருப்பதால் ஒழுகாது. பீப்பாய்ப் பலகை சீவியதில் மிஞ்சிய ஓரத் துண்டுகள் சாப்பிடும் குச்சியாகும். காட்டிலிருந்து விலக்கப்பட்ட எதுவும் குப்பைக்குப் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வைத்திருந்தார்கள். என் வகுப்பிலிருந்து விலகிப்போனவனுக்கு நான் என்ன வைத்திருந்தேன்?

இசே என்னும் ஊரின் ஷிந்தோ ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டி, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 690இல் தொடங்கிய வழக்கம். இடையில் போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் நின்றுபோய், மறுபடி தொடர்ந்தது. 2013இல் நடந்தது 62ஆவது முறை, அடுத்தது 2033. ஒவ்வொரு முறையும் சுமார் 10,000 ஹினோகி மரங்கள் வேண்டும். பிரித்த ஆலயத்தின் பெரிய தூண்கள் வாசல் வளைவாகும், பிறகு வேறு ஊர் வாசலுக்குப் போகும். இருபது ஆண்டு என்பது நல்ல கணக்கு. பதினெட்டு வயதில் எடுபிடியாக இருந்தவன், முப்பத்தெட்டில் தச்சனாகவும், ஐம்பத்தெட்டில் மேற்பார்வையிடும் மூத்தவனாகவும் நிற்கலாம். வேலை நடக்கும்போதே கற்றுக்கொடுத்தலும் நடந்துவிடுகிறது.

ஆலயத்தின் சொந்தக் காட்டில் பெரிய மரம் தீர்ந்துபோய், வெகுகாலமாக வேறு மலையிலிருந்து மரம் வருகிறது. அதற்காக 1923இல் ஒரு திட்டம் போட்டார்கள். 200 ஆண்டு கழித்து வெட்டுவதற்கான மரங்களை வளர்க்கும் திட்டம். அதைப் போட்டவர்கள் யாரும் இன்று இல்லை. அந்த மரங்கள் பாதி வயதுதான் தாண்டியிருக்கின்றன.

பெருமரத்தைக் கோடரியால் வெட்டும் பழைய முறையும் உண்டு. அடிமரத்தில் மூன்று பக்கமிருந்தும் குடைந்து, மூன்று தசைநார் மட்டும் நிற்கும்படி விடுவார்கள். கடைசி நாரை வெட்டும்போது, மரம் அவர்கள் நினைத்த திசையில் விழும். விழுந்த பிறகு, அந்த மரத்தின் நுனிக்கிளை ஒன்றை ஒடித்து, வெட்டிய அடிக்கட்டையில் செருகி வைத்து வணங்குவார்கள். மரத்தின் உயிர் தொடரட்டும் என்பது வேண்டுதல்.

இதெல்லாம் கேட்டுவிட்டு ஜப்பானில் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடக்கூடாது. யாகுஷிஜி கோயிலின் மேற்குக் கோபுரம் 1528இல் எரிந்துபோனது. நிஷியோகா அதை 1981இல் மறுபடி எழுப்பினார். பக்கத்தில் நிற்கும் பழைய கிழக்குக் கோபுரத்தைவிடச் சுமார் 30 செ.மீ. உயரமாகக் கட்டினாராம். நூற்றாண்டுகள் போகப் போக மரம் அமிழ்ந்து இரண்டும் ஒரே உயரத்துக்கு வரும் என்ற கணக்கில். அவ்வளவு தொலைநோக்கு. ஆனால் அதற்கான பெரிய ஹினோகி மரம் ஜப்பானில் எங்கும் இல்லை. தைவான் மலைக்காட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். ஆயிரம் ஆண்டு நிற்கும் கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நின்ற மரம் தேவை. அது தங்கள் நாட்டில் தீர்ந்துபோயிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மொட்டையான மலைகளில் சுகியையும் ஹினோகியையும் அவசர அவசரமாக நட்டார்கள். இன்று ஜப்பானில் மூன்றில் இரண்டு பங்கு காடு, அதில் சுமார் 40 சதவீதம் மனிதர் நட்டது. நட்ட மரம் வளர்வதற்குள், 1964இல் மர இறக்குமதி முழுதும் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டு மரம் மலிவாக வந்தது. மலையூர்ப் பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். இடையிடையே கலைக்க ஆளில்லாமல் காடு இருண்டுபோனது. வெட்டாமல் நிற்கிற சுகி மரங்கள் முற்றி, ஒவ்வொரு வசந்தத்திலும் மகரந்தத்தை ஊருக்குள் அனுப்புகின்றன. என் மகனின் தும்மல் அதுதான். நட்டால் மட்டும் போதாது, கூடவே நிற்க ஆள் வேண்டும்.

2020இல் யுனெஸ்கோ ஜப்பானின் மரக் கட்டடப் பாதுகாப்புத் திறன்கள் 17ஐ மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆனால் ஒரு கருவி கண்ணாடிப் பெட்டிக்குள் வந்துவிட்டது என்றால், அதைக் கையில் எடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றும் பொருள்.

ஊர் திரும்பும்போது மகன் ஒரு சிறு ஹினோகிக் கட்டை வாங்கித் தந்தான். உள்ளங்கை அளவு. எலுமிச்சைத் தோலும் சாம்பிராணியும் கலந்ததுபோல ஒரு வாசனை. "பூஜை ரூம்ல வைங்கம்மா" என்றான். நான் வேறு எண்ணத்தில் இருந்தேன்.

விசாரித்ததில் அந்தப் பையன் (பையன் என்ன, நாற்பது வயது) தென்காசியில் ஒரு மரக்கடையை ஒட்டிப் பட்டறை வைத்திருப்பது தெரிந்தது. பஸ் பிடித்துப் போனேன். தலையெல்லாம் மரத்தூள். ஒரு நொடி பார்த்துவிட்டு, மோட்டாரை நிறுத்தி, "டீச்சர்!" என்றான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லி அனுப்பினான். கட்டையைக் கொடுத்தேன். மூக்கருகே வைத்தான். கட்டைவிரலால் இழையோட்டத்தைத் தடவினான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "இது மெஷின்ல இழைச்சது இல்ல டீச்சர். கையில இழைச்சிருக்காங்க. எந்த ஊரு?" என்றான். சொன்னேன். இழுத்து இழைப்பார்கள் என்றதும் எழுந்து, மூலையில் கிடந்த அப்பாவின் பழைய இழைப்புளியை எடுத்துத் திருப்பிப் பிடித்து ஒரு பலகைமேல் இழுத்துப் பார்த்தான். "வாகா வரல. ஆனா அவங்க கட்டை அதுக்குத் தக்கன இருக்கும்" என்றான்.

அதன்பிறகுதான் சொன்னேன். 1998, கரும்பலகை, நான் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும். "தப்புப்பா. மன்னிச்சிரு" என்றேன். அவன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க சொன்னதுக்காக நிக்கல டீச்சர். அப்பாவுக்கு அப்ப கை ஒடிஞ்சிருந்துச்சு. வேலைக்கு ஆள் இல்ல."

அது உண்மையா, அறுபது தாண்டிய டீச்சர் மனம் நோகக்கூடாது என்று சொன்னதா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே, "சரிவகம்" என்று அவன்தான் எடுத்துக்கொடுத்தான்.

மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறானாம். "தொழில் பழகுறானா?" என்று கேட்டேன், கண்காட்சி பார்த்த மயக்கத்தில். "பட்டறைப் பக்கமே வரக்கூடாதுன்னுட்டேன் டீச்சர். இன்ஜினியரிங் சேத்துரணும்" என்றான். அதற்கு மேல் எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இழைப்புளியைக் கேவலம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. இன்று போய் அது உன்னதம் என்று பாடம் எடுக்க எனக்கு வாயில்லை. அந்தப் பையனுக்கு எது பிடிக்கும் என்று அவனிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். "கேக்கேன் டீச்சர்" என்றான்.

கிளம்பும்போது கட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தான். "உனக்குத்தான்" என்றேன். சுவரில் சாமி படத்துக்குக் கீழே, மூலமட்டம் வைத்திருந்த பலகையில் வைத்தான்.

இந்த முறை அவன் பெயரைச் சொல்லித்தான் விடைபெற்றேன்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர் நட்புகளுக்கு ஒன்றே ஒன்று. நாளைக்கு வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையை "அவன் மகன்", "இவர் பொண்ணு" என்று தொழிலை வைத்து நீங்களும் கூப்பிடுகிறீர்களா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நான் யோசிக்க இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.